மூன்றாவது சின்னம்

தேர்தல் என்னும் சொல்லுக்கு ஆராய்ந்து தெரிந்துகொள்ளுதல் என்பது பொருள். ஆராய வேண்டுமானால் ஒன்றுக்கு மேற்பட்டவை முன்னால் இருக்க வேண்டும். அவை தம்முள் வேறுபட்டும் இருக்க வேண்டும். தமிழகத்தில் 1967 முதல் 2021 வரை நடந்த சட்டமன்றத் தேர்தல்களின் வழியாக ஆட்சிக்கு வந்தவை இரண்டு கழகங்களே. இவர்களை விட்டால் அவர்கள், அவர்களை விட்டால் இவர்கள் என்று மக்கள் சலித்துக்கொள்வது புதிதன்று. ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும் வேளையிலும், தேர்தல் நெருங்கும் மாதங்களில், இந்தப் பேச்சு நம் காதில் விழுகிறது. அந்தப் பக்கமும் சாயாமல் இந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்கும் நல்ல கட்சி ஒன்று வராதா என்பதே அப்பேச்சின் முடிவாக இருக்கும்.

வராதா என்று கேட்பவர்களுக்கு, கூடங்குளத்தை உள்ளடக்கிய இராதாபுரம் தொகுதிக்காரர்களாகிய நாங்கள் சொல்லக்கூடிய செய்தி வியப்பாக இருக்கலாம். அது எங்களிடம் பலமுறை வந்திருக்கிறது. வந்ததோடு நில்லாமல் வென்றும் இருக்கிறது. 1984இல் திரு. குமரி அனந்தன் காந்தி காமராஜ் தேசிய காங்கிரஸ் சார்பில் எங்கள் தொகுதியில் வென்றார். 1996இல் தமிழ் மாநில காங்கிரஸ் வென்றது. 2001இல் சுயேச்சை ஒருவர் வென்றார். 2011இல் தேசிய முற்போக்குத் திராவிடர் கழகம் வென்றது. மாற்றுக்கு வாய்ப்புத் தராத மக்கள் என்று எங்களை எவரும் குறை சொல்ல முடியாது. எங்கள் குறை வேறு. வந்த மாற்று எதுவும் தங்கவில்லை.

1996ஆம் ஆண்டை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் பலர் உண்டு. அ.இ.அ.தி.மு.க.வோடு கூட்டுச் சேர்வதென்று காங்கிரஸ் மேலிடம் முடிவு செய்தபோது, தமிழகக் காங்கிரஸாரில் பெரும்பாலோர் அதை ஏற்காமல் திரு. மூப்பனார் தலைமையில் வெளியேறினார்கள். மிதிவண்டிச் சின்னம் சில வாரங்களுக்குள் கடற்கரைச் சுவர்கள் அனைத்திலும் ஏறிவிட்டது. காமராஜர் காலத்திலிருந்து கைவிடாத பழைய பற்று எங்கள் ஊர்களில் இருந்தது. அந்தப் பற்றுக்குத் தில்லியின் கறை படியாத ஒரு வீடு கிடைத்ததாகவே முதியவர்கள் மகிழ்ந்தார்கள். சட்டமன்றத்தில் 39 இடங்களும் மக்களவையில் 20 இடங்களும் அக்கட்சிக்குக் கிடைத்தன. ஆனால் அவ்வெற்றி தி.மு.க.வின் தோளில் ஏறி நின்று பெற்ற வெற்றி. ஐந்தாண்டு கழித்து, 2001இல், எந்தக் கட்சியோடு கூட்டு வேண்டாம் என்று பிறந்ததோ அதே அ.இ.அ.தி.மு.க.வின் அணியில் த.மா.கா. போய் நின்றது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மூப்பனார் மறைந்தார். 2002இல் கட்சி காங்கிரஸோடு இணைந்துவிட்டது. (2014இல் அதே பெயரில் மீண்டும் தொடங்கப்பட்டது, அது வேறு கதை.)

எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் வழியாகவே இந்த வரலாற்றை வாசிக்கலாம். 1996இல் த.மா.கா. வேட்பாளராக வென்ற திரு. அப்பாவு 2001இல் சுயேச்சையாக நின்று வென்றார், 2006இல் தி.மு.க. வேட்பாளராக வென்றார், 2021இல் அதே கட்சியின் சார்பில் வென்று சட்டப்பேரவைத் தலைவரானார். அவரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. தனியாக நின்று வெல்லும் ஆற்றல் உள்ளவருக்கும் இறுதியில் ஒரு பெரிய வீட்டின் திண்ணை வேண்டியிருக்கிறது என்பதையே சொல்கிறோம். சுயேச்சையின் கோரிக்கை மனுவுக்கும் ஆளுங்கட்சி உறுப்பினரின் மனுவுக்கும் கோட்டையில் என்ன வேறுபாடு என்று தெரியாத வாக்காளர் எவரும் இல்லை.

விஜயகாந்த் 2005 செப்டம்பரில் மதுரையில் கட்சி தொடங்கி, மறு ஆண்டே ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் தனித்து நின்று எட்டு விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றார். கூட்டணி தெய்வத்தோடும் மக்களோடும் மட்டுமே என்று அவர் அப்போது சொல்லிவந்ததை இளைஞர்கள் நம்பினார்கள். 2011இல் அ.இ.அ.தி.மு.க.வோடு சேர்ந்தபோது 29 இடங்கள் கிடைத்தன; அவற்றில் இராதாபுரமும் ஒன்று. ஓராண்டுக்குள் இரு தலைவர்களுக்கும் சட்டமன்றத்திலேயே முறிந்தது. அதன்பின் எங்கள் உறுப்பினர் திரு. மைக்கேல் ராயப்பன் உட்பட அக்கட்சியின் உறுப்பினர்கள் சிலர் முதலமைச்சரைச் சந்தித்து அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். மாற்றுக்கு அளித்த வாக்கு, எங்களைக் கேட்காமலேயே, ஆளுங்கட்சியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

இவையெல்லாம் எந்தத் தொகுதியிலும் நடக்கக்கூடியவைதாமே என்று வாசகர் கேட்கலாம். உண்மைதான். ஆயினும் மற்ற ஊர்களில் வெறும் சலிப்பாக முடிந்த ஒன்று எங்கள் ஊர்களில் வாழ்வுச் சிக்கலாயிற்று. அதற்குக் காரணம் அணுமின் நிலையம்.

1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் செய்தது முதல், மத்தியில் எந்தக் கட்சி வந்தாலும் இத்திட்டம் வளர்ந்தே வந்தது. 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமாவில் நடந்ததைத் தொலைக்காட்சியில் கண்டு எங்கள் மக்கள் அஞ்சினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று இடிந்தகரை லூர்து அன்னை ஆலய முன்றிலில் 127 பேர் உண்ணாநோன்பு தொடங்கினார்கள். பன்னிரண்டாம் நாள், மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று மாநில அமைச்சரவை தீர்மானம் இயற்றியது. நோன்பு முடித்து எழுந்தவர்களின் முகங்களை மறக்க இயலாது. அரசு தங்களைக் கேட்டுவிட்டது என்று அவர்கள் நம்பினார்கள்.

2012 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்த சங்கரன்கோவிலில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. மறுநாள், மார்ச் 19, திங்கட்கிழமை, அதே அமைச்சரவை கூடி அணுமின் நிலையத்தைத் திறக்க ஒப்புதல் வழங்கியது. சுற்றுவட்டாரத்தின் வளர்ச்சிக்கென 500 கோடி ரூபாயும் அறிவிக்கப்பட்டது. இவ்விரு நாட்களையும் அருகருகே எழுதிப் பார்த்தால் போதும், விளக்கம் வேண்டாம். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அன்று சொன்னதை அப்படியே தருகிறோம்: "ஓட்டுப் பெட்டிய மூடுன சத்தம் கேட்டதும் இங்க கதவத் தொறந்துட்டாங்கய்யா."

ஆளுங்கட்சி இப்படி என்றால் எதிர்க்கட்சி எதிர்த்திருக்க வேண்டுமல்லவா? தி.மு.க. திட்டத்தை ஆதரித்தது. காங்கிரஸ் அதைத் தொடங்கிய கட்சி. பாரதிய ஜனதாவின் ஆட்சியிலும் அது தடையின்றி நடந்தது. ம.தி.மு.க.வின் திரு. வைகோ போன்ற சிலர் எங்களோடு நின்றார்கள். அவர்களால் முடிந்தது அவ்வளவே. எதற்கெடுத்தாலும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்ளும் பெரிய கட்சிகள் இந்த ஒன்றில் மட்டும் கருத்தொருமித்து நின்றதைக் கண்டபோதுதான், அவை உண்மையில் எங்கே ஒன்றுபடுகின்றன என்று எங்களுக்கு விளங்கிற்று. 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அன்று மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிர்நீத்தார். ஆயிரக்கணக்கானோர் மீது அரசத் துரோக வழக்குகள் பதிவாயின. தூத்துக்குடி மறைமாவட்டத்தின் அமைப்புகளுடைய வெளிநாட்டு நிதிக் கணக்குகளும் அந்த ஆண்டு முடக்கப்பட்டன. குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று 2013 மே மாதத் தீர்ப்பில் உச்சநீதிமன்றமே சொல்லும் நிலை வந்தது.

இவ்விடத்தில் நாம் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பகுதியில் எல்லாரும் ஒரே கருத்தினர் அல்லர். அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள், செட்டிகுளம் அணுவிஜய் நகரியத்தை நம்பிக் கடை வைத்திருப்பவர்கள், பணி கிடைத்து மகனை நல்ல பள்ளிக்கு அனுப்பியவர்கள் எங்கள் நடுவே இருக்கிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் போராட்டப் பந்தலிலும் தம்பி நிலையத்தின் வாயிலிலும் நின்றதுண்டு. 1000 மெகாவாட் திறனுள்ள உலைகளில் முதலாவது 2014 இறுதியிலும் இரண்டாவது 2017இலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. அதன்பின் மேலும் நான்கு உலைகளின் கட்டுமானம் தொடங்கப்பட்டது. ஆகவே இதில் நடுநிலை என்பது 'வேண்டும்', 'வேண்டாம்' என்ற இரண்டையும் கூட்டிப் பாதியாக வகுப்பதன்று. நிலையத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இட மதிப்பீட்டு அறிக்கையையும் மக்களுக்கு வெளியிட வேண்டும் என்று மத்தியத் தகவல் ஆணையம் 2012 ஏப்ரலில் உத்தரவிட்டது. அணுமின் கழகம் நீதிமன்றம் சென்று அதற்குத் தடை பெற்றது. உலையை ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் அந்த அறிக்கையைப் படிக்கும் உரிமை சமமாக உண்டு. 'அறிக்கையைக் காட்டுங்கள், ஆபத்து வேளையில் வெளியேறும் பாதையைக் காட்டுங்கள், பிறகு பேசுவோம்' என்று சட்டமன்றத்தில் எழுந்து கேட்க ஒரு பெரிய கட்சி இருந்திருந்தால், அதையே நாங்கள் நடுவில் நிற்கும் கட்சி என்று ஏற்றிருப்போம். தம்பியும் அண்ணனும் சேர்ந்து வாக்களித்திருக்கக்கூடிய கட்சி அது.

2014இல் அப்படி ஒன்று வந்ததுபோல் தோன்றியது. 2012 செப்டம்பரில் இடிந்தகரைக்கு வந்துபோன திரு. அரவிந்த் கெஜ்ரிவால் 2013 டிசம்பரில் தில்லியின் முதல்வரானார். 49 நாளில் விலகினார். அவருடைய ஆம் ஆத்மி கட்சியில் போராட்டக் குழுவினர் சேர்ந்தார்கள். திரு. சுப. உதயகுமார் கன்னியாகுமரியிலும், திரு. புஷ்பராயன் தூத்துக்குடியிலும், திரு. ஜேசுராஜ் திருநெல்வேலியிலும் துடைப்பம் சின்னத்தில் மக்களவைக்குப் போட்டியிட்டார்கள். ஏப்ரல் 24 அன்று வாக்குப்பதிவு. உயிர்ப்புப் பெருவிழா முடிந்து நான்காம் நாள். மூவரும் வைப்புத்தொகையை இழந்தார்கள். உதயகுமாருக்குக் கிடைத்தவை 15,000க்குச் சற்று அதிகம். புஷ்பராயனுக்கு 26,000க்கு மேல். வென்றவர்கள் ஒவ்வொருவரும் மூன்றரை லட்சத்தைத் தாண்டினார்கள்.

போராட்டத்துக்கு வந்த கூட்டம் வாக்குச்சாவடிக்கு ஏன் வரவில்லை என்று நகரத்துப் பத்திரிகைகள் கேலி தொனிக்க எழுதின. கேள்வி நியாயமானது; கேலி அன்று. முதலில், வரைபடத்தைப் பாருங்கள். கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி ஒரு மக்களவைத் தொகுதியில். மணப்பாடு முதல் வடக்கே உள்ளவை மற்றொன்றில். குமரிக் கடற்கரை மூன்றாவதில். கடல் ஒன்றுதான், வலை ஒன்றுதான், அச்சம் ஒன்றுதான். வாக்கு மட்டும் மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டும் உள்நாட்டு ஊர்களின் பெரும் எண்ணிக்கையில் கரைந்துவிடுகிறது. அதிக வாக்கு வாங்கியவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் நம் தேர்தல் முறையில், சிதறிக் கிடக்கும் சிறுபான்மைக்குக் கிடைப்பது வைப்புத்தொகை இழப்புதான். அடுத்து, சாதிக் கணக்கு. கூடங்குளமும் இடிந்தகரையும் சாதியாலும் சமயத்தாலும் வேறுபட்ட ஊர்கள். பந்தலில் அவர்கள் அருகருகே அமர்ந்தது இப்பகுதியின் வரலாற்றில் சிறிய செய்தியன்று. வேட்பாளர் பட்டியல் வெளியானதும் அவரவர் தங்கள் கணக்கைத் தனித்தனியே போட்டார்கள். பணம் கைமாறியதையும் மறைப்பதற்கில்லை; அது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

இவற்றையெல்லாம்விட வலிமையானது 'ஓட்டு வீணாகிவிடும்' என்ற எண்ணம். இதை அறியாமை என்று ஒதுக்குவோரோடு நாம் உடன்பட மாட்டோம். ஏழைக்கு வாக்கு ஒன்றுதான் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கையில் வரும் முதல். தோற்கப் போகிறவரிடம் அதைக் கொடுத்தால், மறுநாள் வட்டாட்சியர் அலுவலகத்தில் யார் பெயரைச் சொல்லி நிற்பது? வலைக்கு மானியம், வீட்டுக்குப் பட்டா, கடலில் காணாமற்போனவருக்கு இறப்புச் சான்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சிக்காரரின் துணை தேவைப்படும் நாட்டில் வெற்றியாளரைக் கணித்து வாக்களிப்பது ஒருவகைத் தற்காப்பு. மாற்றுக் கட்சி பேசும் நண்பர்கள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை என்பது நம் கருத்து. ஊழல் ஒழிப்பைப் பேசுகிறார்கள், தலைவரின் தூய்மையைப் பேசுகிறார்கள். சான்றிதழுக்கு அலையும் கைம்பெண்ணுக்கு அந்தப் பேச்சுத் துணைவருமா?

2016 தேர்தல் வந்தது. ஆம் ஆத்மியிலிருந்து விலகிப் பச்சைத் தமிழகம் என்ற கட்சியைத் தொடங்கியிருந்த உதயகுமார் இம்முறை இராதாபுரத்திலேயே போட்டியிட்டார். அவர் பெற்றவை சில ஆயிரம் வாக்குகள். அ.இ.அ.தி.மு.க.வின் திரு. இன்பதுரை தி.மு.க.வின் திரு. அப்பாவுவை வென்ற வித்தியாசமோ 49 வாக்குகள். (தில்லியில் 49 நாள், இராதாபுரத்தில் 49 வாக்கு, இந்த எண்ணுக்கும் எங்களுக்கும் என்ன உறவோ!) 49 என்றதும் எங்கள் ஊர்களில் எழுந்த பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். சில ஆயிரம் பேர் ஒரே நாளில் 'ஓட்டைப் பிரித்தவர்கள்' ஆனார்கள். மனச்சான்றின்படி வாக்களித்தவர் ஏதோ குற்றம் செய்தவர்போல் நிற்க வேண்டியதாயிற்று. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் சான்றளித்த 203 தபால் வாக்குகள் தள்ளப்பட்டது தவறு என்று வழக்குத் தொடரப்பட்டது. 2019 அக்டோபரில் உயர்நீதிமன்ற ஆணைப்படி மறு எண்ணிக்கையும் நடந்தது. முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்தது. ஐந்தாண்டுகள் எங்கள் தொகுதிக்கு உறுப்பினர் யார் என்பதே வழக்கில் கிடந்தது.

நடுவில் நிற்பதைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு திரு. கமல்ஹாசனின் மக்கள் நீதி மய்யம் 2018 பிப்ரவரியில் மதுரையில் பிறந்தது. இடமும் இல்லை, வலமும் இல்லை என்றார்கள். 2021இல் தலைவரே கோவை தெற்கில் 1,728 வாக்குகளில் தோற்றார். 2024இல் கட்சி தி.மு.க. அணியை ஆதரித்தது, 2025இல் அவர் அவ்வணியின் துணையோடு மாநிலங்களவைக்குச் சென்றார். 2024 பிப்ரவரியில் நடிகர் விஜய் கட்சி தொடங்கியபோது எங்கள் பிள்ளைகள் காட்டிய உற்சாகத்தில் 1996இன் மிதிவண்டியையும் 2005இன் மதுரையையும் கண்டோம். உற்சாகத்தைக் கெடுப்பது முதியோருக்கு அழகன்று. ஆகையால் அவர்களிடம் கேள்விகளை மட்டும் கேட்டோம்.

பொதுநலனை நோக்கி உரிமையோடு வாக்களிப்பது கிறிஸ்தவரின் கடமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் கூறியது. எங்கள் மக்கள் அக்கடமையில் தவறியதில்லை. 2019இல் வாக்குப்பதிவு பெரிய வியாழனன்று வந்தது. நாளை மாற்றுமாறு கிறிஸ்தவ அமைப்புகள் விடுத்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. காலையில் மை தடவிய விரலோடு மாலையில் பாதம் கழுவும் சடங்குக்குச் சென்றோம். அந்தத் தொகுதிகளில் யாரும் எங்களை அஞ்சவில்லை என்பதால்தான் எங்கள் வேண்டுகோளும் எடுபடவில்லை என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அஞ்சப்படுவதற்காக ஒரே வாக்குவங்கியாகக் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்ற யோசனை எங்களுக்கு உவப்பாக இல்லை. வங்கியில் போட்ட பணத்தை வேறொருவர்தான் எடுத்துச் செலவழிக்கிறார்.

நம்பிக்கை வைக்க இடமே இல்லையா? ஒரு சிறிய இடம் இருக்கிறது. தமிழகத்தில் கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னங்கள் இல்லை. பூட்டு சாவியும் கட்டிலும் ஆட்டோவும் போன்ற சின்னங்களில், தெரிந்த முகங்கள் நிற்கின்றன. அங்கே தோற்றவரும் மறுநாள் அதே தெருவில்தான் நடந்தாக வேண்டும். அதனால்தானோ என்னவோ, அந்தத் தேர்தலை நடத்துவதில் பெரிய கட்சிகளுக்கு அவ்வளவு அவசரம் இருப்பதில்லை. 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் காலம் முடிந்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் மறு தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். இடைப்பட்ட ஐந்தாண்டுகளும் அலுவலரின் கையொப்பத்தில் ஊராட்சி ஓடியது. குடிநீருக்காகக் குடத்தோடு சாலையில் அமர்ந்த பெண்களுக்கு, யாரிடம் கேட்பது என்பதே அப்போது தெரியவில்லை.

அண்மையில் பேருந்து நிறுத்தத்தருகே புதிய கட்சியொன்றின் இளைஞர்கள் கொடிக்கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். மீன் விற்றுவிட்டு வெற்றுக் கூடையோடு பேருந்துக்குக் காத்திருந்த வயது முதிர்ந்த பெண் ஒருவர் அவர்களைப் பார்த்து, "ஏ மக்கா, செயிச்சா எங்க இருப்பியன்னு தெரியும். தோத்தா மறுநாளு எங்க இருப்பிய?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுள் ஒருவன் மட்டும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு வந்து, "பாட்டி, ஒங்களுக்கு முதியோர் பணம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டான். நின்று எத்தனை மாதம் ஆயிற்று என்று அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அவன் கைப்பேசியை எடுத்துக் குறித்துக்கொண்டான்.